கூட வந்த குரல்

அம்மாவின் முகத்தைக் கேட்டால் இப்போதே வரைந்து கொடுத்துவிடுவேன். மூக்கோரத்து மச்சம்கூட இடம் மாறாது. குரலைக் கேட்டால் எங்கே போவேன்? அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. திட்டியது, கொஞ்சியது, ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தண்ணீர் கேட்டது, எல்லாம். ஆனால் அந்த வார்த்தைகள் இப்போது என் குரலில்தான் கேட்கின்றன.

இப்படி நினைத்தாளே தவிர, நிதானம் இதை யாரிடமும் சொன்னதில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த டீச்சரிடமும் சொல்லவில்லை. துப்பறிய வந்தவள் தான் தொலைத்ததைப் பற்றிப் பேசுவது, பார்க்க வந்த டாக்டர் நோயாளியின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வதைப் போலத்தான்.

"என் வீட்டுக்காரர் குரலை என் கொழுந்தன் திருடிட்டான்," என்றார் டீச்சர்.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் அல்ல. அவசரமாக வழக்கோடு வந்தவர்கள் எரிச்சலில் வைத்தது. நாளடைவில் மரியாதையாகி நிலைத்துவிட்டது. அவளுடைய உதவியாளனுக்குத் தந்தி என்று பேர் வந்தது அதற்கு நேர்மாறான கதை. ஒரு வரியில் முடிக்க வேண்டியதை அவன் ஒருநாளும் ஒரு வரியில் முடித்ததில்லை. நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதிலும் வாய்க்கு மட்டும் வயதே ஏறவில்லை.

"நகை திருடு போனா அடகுக் கடையில விசாரிக்கலாம். சைக்கிள் திருடு போனா பழைய இரும்புக் கடை. குரல் திருடு போனா..."

"எங்கே போய்த் தேடறதுன்னு கேட்கறீங்க," என்று அவன் வாக்கியத்தை முடித்து வைத்தார் டீச்சர். "கம்ப்யூட்டர்ல தேடுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

தந்தி வாயை மூடிக்கொண்டான். அவன் வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பது அவன் வாழ்க்கையில் அபூர்வம்.

அறை சுத்தமாக இருந்தது. ஒருவர் நெடுநாள் படுத்திருந்து, பிறகு இல்லாமல் போன அறைகளுக்கே உரிய சுத்தம். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அதன் கால்கள் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்து, வட்ட வட்டமாய்த் தடம். சுவரில் திருகாணி ஓட்டைகள். அங்கேதான் கேமரா இருந்தது என்றார் டீச்சர். கை, கால், நாக்கு என்று நோய் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போன மனிதருக்குக் கடைசியில் மிஞ்சியது கண் ஒன்றுதான். அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்பதைக் கேமரா கவனிக்கும். திரையில் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்து விழும். எழுத்து வார்த்தையாகும். வார்த்தையைக் கம்ப்யூட்டர் அவருடைய குரலிலேயே பேசும். பேச்சு போவதற்கு முன்பே தன் குரலைப் பதிவு செய்து, அதை ஒரு மென்பொருளாகக் கட்டி வைத்திருந்தார். அண்ணன், தம்பி இருவருக்கும் அதுதான் தொழில்.

"அவர் போய் இன்னும் மூணு மாசம்கூட ஆகலை," என்றார் டீச்சர். "ஸ்கூல்லேர்ந்து வந்து பையை வச்சதும் முதல் வேலை இந்த ரூமுக்கு வர்றதுதான். அவர் குரல்ல 'நான் நல்லா இருக்கேன், நீ போய்ச் சாப்பிடு'ன்னு வரும். அதைக் கேட்டாத்தான் எனக்கு ஒரு வாய் இறங்கும். போன வாரம் வந்து அமுக்கறேன், சத்தமே இல்லை. திரையில 'அப்படி எதுவும் இல்லை'ன்னு வருது. 'அப்படி எதுவும் இல்லை'யாம்! இருந்த மனுஷனை அப்படிச் சொல்லுது."

"கொழுந்தன் மேல சந்தேகம் வர என்ன காரணம்?" என்று நிதானம் கேட்டாள்.

"அவன் வந்து கேமராவைக் கழட்டிக்கிட்டுப் போனான். வேற ஒரு நோயாளிக்குக் கொடுக்கணும்னான். கொடுக்கட்டும், புண்ணியம்தான். போறப்ப வாசல்ல நின்னு சொல்றான், 'அண்ணி, இதையே கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா இந்த ரூமை விட்டு வெளியவே வர மாட்டீங்க. போதும்'னு. போதுமா இல்லையான்னு சொல்ல இவன் யாரு? கொஞ்ச நாள்ல குரல் காணாமப் போகுது. ரெண்டையும் கூட்டிப் பார்க்க பெரிய கணக்கு வேணுமா?"

"அப்புறம் அவர்..."

"வந்தான். வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டேன். நாளைக்கு போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு அவன் முகத்துலயே முழிக்கப் போறதில்லை."

"உங்களுக்கு வேற யாரும் இருக்காங்களா டீச்சர்?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இல்லை. நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தப்ப அவன் அரை டிராயர் போட்ட பையன். நான்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "அவர் மாதிரி தைரியம் இவனுக்குக் கிடையாது. அவருக்கு எவ்வளவு தைரியம் தெரியுமா? கண் வறண்டு போய், மருந்து போட்டு நாள் பூரா துணி கட்டியிருந்தாங்க. அன்னிக்கு டாக்டர் வந்து வலி இருக்கான்னு கேட்கறார். 'எனக்கு வலி இல்லை, நல்லா இருக்கேன்'னு கணீர்னு சொன்னார். டாக்டரே அசந்துட்டார்."

நிதானத்தின் கண் மேஜைக்குப் போயிற்று.

கீபோர்டில் மெல்லிய தூசு. கண்ணால் எழுதியவரின் கீபோர்டில் வேறு என்ன இருக்கும்? ஆனால் மேல் வரிசையின் கடைசி விசையில் மட்டும் தூசு இல்லை. அதன் மேல் அச்சடித்திருந்த எழுத்தே தேய்ந்து அழிந்து, விசை எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. மூன்று மாதத் தொடுதலுக்கு எழுத்து தேயுமா? தேயாது. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாத கேள்விகள் உண்டு. அவற்றைக் கடைசிவரை மடியிலேயே வைத்திருப்பது அவள் வழக்கம்.

தந்தி கம்ப்யூட்டரைத் திறந்து, அதற்கு இதுவரை இடப்பட்ட கட்டளைகளைப் பார்த்துக்கொண்டே போனான். ஓரிடத்தில் நின்றான். தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, கிளம்பலாம். கொழுந்தனார்கிட்ட ஒரே ஒரு சந்தேகம் கேட்கணும்."

தெருவுக்கு வந்ததும் நிதானம் சொன்னாள்: "நீ ஒரு வரியில பேசினா எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் அக்கா."

*

தம்பி வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு தளம் முழுக்க மேஜைகள். எல்லார் காதிலும் ஹெட்போன் மாட்டியிருந்தது; எல்லாரும் பேசினார்கள், யாரும் பக்கத்தில் இருப்பவரோடு பேசவில்லை. தம்பியின் மேஜை சுவரைப் பார்த்திருந்தது. நகத்தைச் சதை வரைக்கும் கடித்திருந்தான்.

"அண்ணி போலீசுக்குப் போறாங்களா?" என்று கேட்டான், அவர்கள் உட்காருவதற்குள்.

"நாளைக்கு," என்றாள் நிதானம்.

"போகட்டும். நான்தான் குற்றவாளி."

தந்திக்கு ஏமாற்றமாகிவிட்டது. "இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா எப்படிங்க? எங்களுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?"

"திருடலைங்க. கொன்னுட்டேன். என் மாட்யூல்ல எங்கேயோ ஓட்டை. ஒரு வாரமா தேடறேன், கண்ணுல சிக்க மாட்டேங்குது."

"முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை வராது," என்றாள் நிதானம்.

அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "பேக்கேஜ் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஸ்டோர் கீப்பர்னு வச்சுக்கங்க. எந்த சாஃப்ட்வேர் வேணும்னாலும் அவர்கிட்ட சொன்னா கொண்டு வந்து வைப்பார். வேண்டாம்னா தூக்கிடுவார். ஆனா அவர்கிட்ட பேச நீளநீளமா கட்டளை எழுதணும், ஒரு எழுத்து தப்பினாலும் முறைப்பார். நமக்குக் கை இருக்கு, தட்டிட்டுப் போயிடுவோம். கண்ணால எழுதறவருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு படிக்கட்டு. அண்ணன் கடைசி வரைக்கும் தன் கம்ப்யூட்டரைத் தானே பார்த்துக்கணும்னு பிடிவாதம் பிடிச்சார். மத்தது எல்லாத்துக்கும்தான் அடுத்தவங்க கையை எதிர்பார்க்க வேண்டியதாப் போச்சே. அதனால நடுவுல ஒரு மாட்யூல், ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதினேன். அண்ணன் முதல் எழுத்தைப் பார்த்தா போதும், மீதிக் கட்டளையை அதுவே வரிசையாக் காட்டும். வேணுங்கிறதை உத்துப் பார்த்தா அது போய் உட்கார்ந்துக்கும். மாட்யூல் அதை ஸ்டோர் கீப்பர்கிட்ட கொண்டு சேர்க்கும்."

"தூது," என்றான் தந்தி.

"தூதுதான். ஆனா கண்டிப்பான தூது. எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் ஒத்திகை பார்க்கும். என்ன வரும், என்ன போகும்னு காட்டிட்டு 'செய்யவா?'ன்னு கேட்கும். 'ஆம்'னு சொன்னாத்தான் செய்யும். கொஞ்ச நேரம் பதில் இல்லைன்னா, வேண்டாம்னு எடுத்துக்கிட்டு விலகிடும்."

"அட! மௌனம் சம்மதம்னு சொல்லி எனக்குக் கல்யாணமே பண்ணி வச்சுட்டாங்க. உங்க மாட்யூல் எங்க வீட்ல இருந்திருக்கணும்."

தம்பி சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. "அண்ணன் சொல்லித்தான் அப்படி வச்சேன். 'அசந்து கண்ணை மூடிடுவேன்டா. மூடின கண்ணைச் சம்மதம்னு எடுத்துக்காதே'ன்னார்."

நிதானம் அந்த வாக்கியத்தை மனத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"சரி. குரல் எப்படிப் போச்சு?"

"ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு பொருள் மேலயும் ஒரு குறி போடுவார். பேர் சொல்லிக் கேட்டு வந்ததா, இல்லை இன்னொண்ணுக்குத் துணையா கூட வந்ததான்னு. கேட்டு வந்ததை எப்பவும் தொட மாட்டார். கூட வந்தது இருக்கே, அது எதுக்குத் துணையா வந்ததோ அது போயிட்டா..."

"மாப்பிள்ளையோட வந்த கூட்டம் மாதிரி," என்றான் தந்தி. "மாப்பிள்ளை வண்டி ஏறிட்டா அப்புறம் யாரும் பந்தியில உட்காரச் சொல்ல மாட்டாங்க."

"அதேதான். மாசா மாசம் பெருக்கித் துடைக்கறப்ப அதையெல்லாம் வெளியே அனுப்பிடுவார். அதுக்கு மட்டும் யாரையும் கேட்கறதில்லை. நான் கேமராவுக்கான சாஃப்ட்வேரைத்தான் எடுத்தேன். கண் போச்சு. குரல் இருக்கணும். ஏன்னா குரலை அண்ணன் தன் கையால, கை இருந்தப்பவே, பேர் சொல்லி வச்சார். அது எப்படி 'கூட வந்தது' ஆச்சு? என் மாட்யூல்தான் எங்கேயோ குறியை மாத்திப் போட்டிருக்கணும்."

கூட வந்தது. நிதானம் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். அவளும் ஒரு குடும்பத்துக்குக் கூட வந்தவள்தான். கணவர் போன பிறகு அந்த வீட்டில் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. பெருக்கித் துடைக்கும் நாள் வந்தபோது தானாகவே வெளியே வந்துவிட்டாள்.

"தந்தி, படத்தைக் காட்டு."

போனில் ஒரே ஒரு கட்டளை இருந்தது. குரலின் குறியைக் 'கேட்டு வந்தது' என்பதிலிருந்து 'கூட வந்தது' என்று மாற்றி, அதைக் கண்ணுக்குத் துணையாக்கும் கட்டளை.

தம்பி நிமிர்ந்தான். "அப்போ மாட்யூல் இல்லை. யாரோ வேணும்னே எழுதியிருக்காங்க."

"இதே வேலையை நீங்க செய்யணும்னா எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டான் தந்தி.

அவன் விரல்கள் யோசிக்காமல் தட்டின. ஒரு புள்ளி, நாலைந்து எழுத்து, முடிந்தது. வழக்கமாக எழுதுகிறவர்களின் சுருக்கெழுத்து.

"அண்ணி?"

"அண்ணிக்குப் பட்டன் அமுக்கத்தான் தெரியும்."

"இப்ப இதைப் பாருங்க. எதுவும் சுருக்கலை. எழுதலைன்னாலும் பரவாயில்லைன்னு விடக்கூடிய வார்த்தைகூட முழுசா இருக்கு. பிழையும் இல்லை, அடிச்சுத் திருத்தினதும் இல்லை. கை இருக்கறவங்க இப்படி எழுதுவாங்களா?"

தம்பி போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். மாட்யூல் வார்த்தைகளை எந்த வரிசையில் நீட்டுமோ அதே வரிசையில், நீட்டியதை நீட்டியபடியே ஏற்றுக்கொண்டு, ஒரு கட்டளை. அதை எழுதிய விரல் எதுவும் இல்லை. அவன் தன் அண்ணனின் பார்வையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன்," என்றான்.

பக்கத்து மேஜைக்காரர் யாருக்கோ, ஹெட்போனில், வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிதானம் பொறுத்திருந்து கேட்டாள்: "இது எழுதின நாள்... கண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டினாங்களே, அதை ஒட்டியா?"

"கட்டு அவிழ்த்த மறுநாள்."

"மேல் வரிசையில கடைசி விசை என்ன வேலை செய்யும்?"

"அதுவா? ஸ்பீக்கர் சரியா இருக்கான்னு பார்க்க நான் வச்சது. அண்ணன் பேச்சு இருந்தப்பவே பதிவு செஞ்ச நாலு வாக்கியம், அமுக்க அமுக்க மாறி மாறி வரும். நல்லா இருக்கேன், வலி இல்லை, அப்படி. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

தந்தி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. சொல்ல ஆயிரம் வார்த்தை இருந்தும் ஒன்றையும் எடுக்கவில்லை.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மேடம், ஒரு உதவி. அண்ணன்தான் இப்படிச் செஞ்சார்னு அண்ணிகிட்ட சொல்லாதீங்க. எனக்குப் பிறகு என் குரலைக் கேட்காதேன்னு அவர் சொன்ன மாதிரி ஆயிடும். தாங்க மாட்டாங்க. என் மாட்யூல்ல ஓட்டைன்னே இருக்கட்டும். நாலு திட்டு திட்டுவாங்க. எனக்கு அவங்க திட்டு புதுசு இல்லை."

நிதானம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "கிளம்புங்க. அவங்க ஸ்கூல் விட்டு வந்திருப்பாங்க," என்றாள்.

*

டீச்சர் கதவைத் திறந்தார். கொழுந்தனைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"இவனை எதுக்கு..."

"இவர் திருடலை டீச்சர். உள்ளே வரட்டும்."

அறைக்குள் வந்ததும் தம்பி முந்திக்கொண்டான். "அண்ணி, தப்பு என்னோடதுதான். நான் எழுதின மாட்யூல்ல ஒரு..."

"ஓட்டை இருந்துச்சு. அதனால போயிடுச்சு. அதானே?" என்று முடித்தார் டீச்சர். "பொய் சொல்றப்ப காதைச் சொறிவே. எட்டாம் கிளாஸ்லேர்ந்து பார்க்கறேன். கையை எடுடா."

அவன் காதிலிருந்து கையை எடுத்தான். தந்தி தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கவா, வேறு எதையாவது மறைக்கவா என்று தெரியவில்லை. அவன் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தேட ஆரம்பித்தான்.

"நீங்க சொல்லுங்க," என்று நிதானத்தின் பக்கம் திரும்பினார் டீச்சர். "யார் எடுத்தது?"

பொய் சொல்லலாம். இந்த இடத்தில் அது பாவமே இல்லை. ஆனால் அந்தப் பொய்க்கு விலையாக அண்ணியும் கொழுந்தனும் காலமெல்லாம் ஒரு குற்றத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். நிதானம் மெதுவாகச் சொன்னாள்.

"யாரும் எடுக்கலை டீச்சர். உங்க வீட்டுக்காரர் தன் குரலைத் தன் கண்ணோட சேர்த்துக் கட்டி வச்சார். கண் போறப்ப குரலும் போகட்டும்னு. எழுதினது அவர் கண்தான். தம்பி கேமராவை எடுத்தப்போ கண் போச்சு. அதுக்குத் துணையா இருந்த குரலும் பின்னாடியே போயிடுச்சு."

"அவரா?" டீச்சர் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவர் ஏன்? நான் தினம் கேட்பேன்னு அவருக்குத் தெரியும். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அவர் ஏன் அப்படி..."

பேசிக்கொண்டே அவர் கை மேஜைக்கு நீண்டது. பார்க்காமலே நீண்டது. இருட்டில் விளக்குப் பொத்தானைத் தேடிப் போகிற கை மாதிரி, தடுமாறாமல், மேல் வரிசையின் கடைசி விசையில் போய் நின்றது. அமுக்கியது. சத்தம் இல்லை. மறுபடி அமுக்கியது.

தம்பி அதைப் பார்த்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது.

மடியில் வைத்திருந்த கேள்வியை நிதானம் எடுத்தாள். எடுக்காமல் இருக்க முடியுமா என்று அவ்வளவு நேரமும் பார்த்தாள்.

"கண்ணைக் கட்டியிருந்த அன்னிக்கு, டாக்டர்கிட்ட அவர் எப்படிப் பேசினார் டீச்சர்?"

சுட்டதுபோல் கை விசையிலிருந்து எழும்பிற்று.

தெருவில் ஒரு லாரி பின்னால் நகரும் பீப் ஒலி கேட்டு, நின்றது.

"டாக்டர் கேட்டார்," என்றார் டீச்சர். "இவரால பதில் சொல்ல முடியலை. டாக்டர் நின்னுக்கிட்டே இருந்தார். இவர் அம்மா, அப்ப இருந்தாங்க, போன் பண்ணினாலும் அப்படித்தான். ஒரு வார்த்தை எழுத இவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்! அந்தப் பக்கம் அவங்க அழ ஆரம்பிச்சிடுவாங்க. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை வந்தா எல்லாருக்கும்..."

அந்த வாக்கியத்தை முடிக்க அந்த அறையில் யாரும் வரவில்லை.

"முப்பது பிள்ளைங்க இருக்கற வகுப்புல ஒருத்தன் திணறினா நாம எடுத்துக் கொடுக்கறதில்லையா? அப்படித்தான் நினைச்சேன். எடுத்துக் கொடுக்கறேன்னு." தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அவருக்குக் காது நல்லா கேட்டுதே."

"அண்ணி, கோபமா இருந்தா அன்னிக்கே அழிச்சிருப்பார்," என்றான் தம்பி அவசரமாக. "அழிக்கலையே. தான் இருக்கற வரைக்கும் உங்ககிட்ட விட்டு வச்சார்."

டீச்சர் அவனைக் கேட்டதாகத் தெரியவில்லை. நிதானத்தைப் பார்த்தார். "அவருக்கு அன்னிக்கு வலி இருந்துச்சா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

தந்தி நாற்காலியில் அசைந்தான். "அக்கா," என்றான். "மூட்டை இருக்கு."

"என்ன மூட்டை?"

தம்பிதான் சொன்னான், எழுந்து போய்த் திரையைப் பார்த்தபடி. "ஸ்டோர் கீப்பர் பொருளை எடுத்து வெளியே போட்டாலும், அது வந்த மூட்டையைப் பரண்ல போட்டு வச்சிருப்பார். தனியாச் சொன்னாத்தான் அதையும் கழிப்பார். அண்ணி... குரல் முழுசா இங்கே இருக்கு. பேர் சொல்லிக் கேட்டா வந்துடும்." திரும்பி டீச்சரைப் பார்த்தான். "அண்ணனுக்கு இது தெரியாம இருக்காது. எனக்கே இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்."

"அப்படின்னா வேணும்னே விட்டு வச்சாரா?" என்று கேட்டார் டீச்சர்.

யாருக்கும் தெரியவில்லை. பரணையும் துடைக்கக் கண் ஒத்துழைக்காமல் போயிருக்கலாம். மறந்திருக்கலாம். துணையாக ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டாம், வேண்டுமென்றால் பேர் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கலாம். துப்பு அவ்வளவு தூரம்தான் வந்தது. அதற்கு மேல் அந்த மனிதரின் மனம். அதற்குள் போக நிதானத்திடம் சாவி இல்லை.

தம்பி கட்டளையைத் தட்டினான். மாட்யூல் தன் வழக்கப்படி ஒத்திகை பார்த்தது. ஒரே ஒரு வரி: குரல், திரும்ப வரும். அதன் கீழே கேள்வி.

செய்யவா? ஆம். இல்லை.

"அண்ணி, 'ஆம்' மேல ஒரு தட்டு."

டீச்சர் எழுந்து மேஜை அருகே வந்தார். கையைத் தூக்கினார். கை பாதி வழியிலேயே நின்றது. கீழே போட்டுவிட்டு, முந்தானையில் சுற்றிக்கொண்டார். எத்தனையோ தடவை அவருக்காக அமுக்கிய கை.

"நீ தட்டுடா."

தம்பி பின்னால் நகர்ந்தான். "அண்ணன் எழுதினதை நான் எப்படி அண்ணி மாத்துவேன்?"

டீச்சர் நிதானத்தின் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் இப்போது டீச்சர் இல்லை. பரீட்சைத் தாளைப் பார்த்து விழிக்கும் பிள்ளைதான் இருந்தது.

"நீங்க தட்டுங்க. நீங்க வெளி ஆள். உங்களுக்குப் பாவம் இல்லை. நீங்க தட்டிட்டா, அது... அது தானா வந்த மாதிரி ஆயிடும். ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன். அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். தட்டுங்கம்மா."

விசை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என் அம்மாவின் குரல் இப்படி ஒரு பரணில், ஒரு தட்டுத் தொலைவில் இருந்திருந்தால் நான் யாரைக் கேட்டிருப்பேன் என்று நினைத்தாள் நிதானம். யாரையும் கேட்டிருக்க மாட்டேன். பாவமா புண்ணியமா என்று பார்த்திருக்க மாட்டேன். கேள்வியை முழுதாக வாசித்திருக்கக்கூட மாட்டேன்.

அதனால்தான் அவள் தன் கையை நம்பவில்லை.

திரையில் கேள்வி காத்திருந்தது. சற்று நேரம் காத்திருக்கும். பிறகு, கண்ணை மூடிவிட்டவரை எழுப்பாமல் போகிறவர்போல, தானாக விலகிவிடும்.

நிதானம் நாற்காலியை இழுத்து டீச்சருக்காகத் திரைக்கு எதிரில் போட்டாள். தான் ஓரமாகத் தரையில், கட்டில் கால் நின்ற வெளுத்த தடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"மாட்டேன் டீச்சர்," என்றாள், அவளுக்கே கேட்டும் கேட்காத குரலில். "அது உங்களைக் கேட்குது."